வைகாசி தேதி போட்ட போட்டோ

ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நீ கவனித்துவிடுவாய். மாடியில் உன் ஹாலில் டிவிக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த என் ஜடை போட்டோ அங்கே இல்லை. ஆணி மட்டும் இருக்கிறது, அதைச் சுற்றிச் சுவர் கொஞ்சம் வெளுப்பாக. விழுந்து உடைந்துவிட்டதோ என்று பதற வேண்டாம், நான்தான் கழற்றினேன். எங்கே வைத்திருக்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்காகவாவது இதை முழுக்கப் படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை.

மாடியில் இருக்கும் மகனுக்குக் கீழ்வீட்டிலிருந்து கடிதம் எழுதும் அம்மா இந்த முடிச்சூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பதினாறு படி ஏறினால் உன் கதவு. ஏறி வந்து சொல்லலாம்தான். போன புதன்கிழமை ஏறியும் வந்தேன். நீ காதில் ஒயரைச் சொருகிக்கொண்டு யாரோடோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாய். ஐந்து விரலைக் காட்டி ஐந்து நிமிஷம் என்றாய். முக்கால் மணி நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். நான் வந்ததும் போனதும் உனக்கு இந்நேரம் மறந்திருக்கும். சிறுசேரியில் உன்னை நம்பி ஒரு சாப்ட்வேர் கம்பெனியே நடக்கிறது என்று எனக்கும் தெரியும். காகிதமாவது உன் மேஜை மேல் கிடக்கும், ஒழிந்த நேரத்தில் படித்துக்கொள்.

திவ்யாவுக்கு ஏழாம் மாசம் முடியப்போகிறது. வருகிற புதன்கிழமை அவள் விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாள். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, போனதும் அலையாமல் படுத்து ஓய்வெடு என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போவதற்குள் அவள் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, வயிறும் பிள்ளையுமாக ஒரு போட்டோ. காலில் செருப்பு இன்னும் நுழைகிறது, முகம் இன்னும் ஊதவில்லை, இப்போதே எடுத்துவிடலாம் என்றாள். போட்டோகிராபரும் இதுதான் சரியான சமயம் என்று போனில் சொன்னாராம். அதற்கு நீ சொன்ன பதிலை மாடிப்படியில் நின்று நானே கேட்டேன். “இந்த சண்டே எனக்கு ரிலீஸ் இருக்கு திவ்யா. போதாக்குறைக்கு சந்திராஷ்டமம் வேற. முப்பத்தாறாவது வாரத்துல எடுத்தாதான் வயிறு நல்லா தெரியும். நான் கார் அனுப்பறேன், ஒரு நாள் வந்துட்டுப் போ. ஈசிஆர் பீச்சுல எடுத்துக்கலாம். அம்மா போட்டோல இருக்கிற மாதிரியே கையை வெச்சு எடுக்கணும்னு சொல்லிட்டேன்.”

நீ சொன்னதில் ஒரு வரி விடாமல் எல்லாம் எனக்கு முன்பே தெரிந்தது. உன் அப்பாவுக்குக் கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிற வேலை, உனக்கு ரிலீஸ். அவருக்கும் ஒன்பதாம் மாசத்து வயிறுதான் எடுப்பாக இருந்தது, உனக்கும் அப்படியே. என்ன ரத்தமோ இது என்று அன்றைக்கு வாய்விட்டே சொன்னேன், தனியாக.

அந்தப் போட்டோவைப் பற்றி உனக்குத் தெரிந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளை. நான் பக்கவாட்டில் நிற்கிறேன். பின்னால் ஆளுயரக் கண்ணாடி, அதில் மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துத் தைத்த ஜடை இடுப்புக்குக் கீழ்வரை தெரிகிறது. முன்னால் நிறைந்த வயிறு. வலது கை முந்தானையை இழுத்து இடது மார்பின் மேல் பிடித்திருக்கிறது. தலை லேசாகக் குனிந்திருக்கிறது, உதட்டில் ஒரு சிரிப்பு. கீழே மூலையில் வெள்ளை மையில் ஒரு தேதி, எண்பத்திரண்டாம் வருஷத்து வைகாசித் தேதி. அந்தக் கை வெட்கத்தில் வைத்த கை என்று உன் பெரிய அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அதைத்தான் நீ போனில் படம் பிடித்து, திவ்யாவும் இப்படி நிற்க வேண்டும் என்று போட்டோகிராபருக்கு அனுப்பியிருக்கிறாய்.

இனி உனக்குத் தெரியாதது. கல்யாணமாகி வந்த வருஷம் ஆடியில் என்னை என் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். புதுப்பெண்ணை ஆடியில் பிரித்து வைப்பது எதற்கென்று உனக்கும் தெரியும், தலைப்பிள்ளை சித்திரையில் பிறந்துவிடக் கூடாது. உன் அப்பாவை வளர்த்தவள் உன் பெரிய அத்தை. குரோம்பேட்டையில் இருந்துகொண்டே மேற்குத் தாம்பரத்தில் எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் என்ன குழம்பு என்பதுவரை அவள்தான் முடிவு செய்வாள். ஆடி முடிந்து, ஆவணியும் போய், புரட்டாசியில் நான் உண்டானேன். டாக்டர் சொன்ன நாள் வைகாசிக் கடைசி. பெரிய அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “வைகாசி, நல்ல மாசம்” என்றாள். ஏதோ அவளே கணக்குப் போட்டுப் பெற்றெடுக்கப் போகிற மாதிரி ஒரு பெருமை.

ஏழாம் மாசம் பங்குனியில் வந்தது. எனக்கு அந்தப் போட்டோ மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியுமா தெரியவில்லை. எனக்கு அம்மா இல்லை. அண்ணன் வீட்டில் என்னை யாரும் ஒரு போட்டோ எடுத்ததில்லை. குரோம்பேட்டை பஜாரில் ஒரு ஸ்டுடியோ, அதன் கண்ணாடிப் பெட்டியில் ஜடை போட்டோக்களாக அடுக்கி வைத்திருப்பார்கள். பெரிய அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே நின்று பார்ப்பேன். ஏழாம் மாசத்தில் என் முகம் அப்படி மினுமினுத்தது, பக்கத்துப் போர்ஷன்காரியே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். வளைகாப்பை இப்போதே வைத்து, அன்றைக்கே போட்டோவும் எடுத்துவிடலாமே என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். “மார்ச் மாசம் ஸ்டாக் எடுக்கணும், ஆடிட்டர் வர்றாரு. இப்போ லீவுன்னு போய் நின்னா வேலையே போயிடும். அடுத்தது ரெட்டைப்படை மாசம், அதுல ஆகாது. ஒம்பதாம் மாசம் வெச்சுக்கலாம், வயிறும் அப்போதான் எடுப்பா இருக்கும்” என்றார். நான் சரி என்றேன். அந்தச் சரியை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கத்திரி ஆரம்பித்த மறுநாள், சித்திரை இருபத்திரண்டு. மத்தியானம் குழாயடியில் குடத்தைத் தூக்கினேன், இடுப்பில் சுரீர் என்றது. சாயங்காலத்துக்குள் டாக்சியில் போட்டு நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே நீ பிறந்துவிட்டாய். ஒன்றே முக்கால் கிலோ. அழுகைகூட ஒழுங்காக வரவில்லை, பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். உன்னைத் துணியில் சுற்றிக் கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள். உன் அப்பா வராந்தாவில் நின்று உன்னைப் பார்த்து அழுதார், அதை மறைக்கக் கூடாது. கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவர் தன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி, “இன்னைக்குச் சித்திரை எத்தனை?” என்பதுதான். வார்டுக் கட்டிலில் கிடந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது.

ஆமாம், நீ சித்திரையில் பிறந்தவன். உன் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில், பாஸ்போர்ட்டில், ஜாதகத்தில் இருக்கிற வைகாசி இருபது பொய். காகிதத்தில் நீ இருபத்தொன்பது நாள் இளையவன். இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துக் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன்.

திட்டம் பெரிய அத்தையுடையது. பத்து நாளில் என்னை டிஸ்சார்ஜ் செய்தார்கள், நீ பெட்டியிலேயே இருந்தாய். என்னைத் தாம்பரத்துக்கு விடாமல் நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தெருவில் அது பொய்வலி என்றும், நான் ஓய்வுக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருப்பதாகவும் சொல்லி வைத்திருந்தார்கள். “சித்திரைல பொறந்த தலச்சன் புள்ள அப்பனுக்கு ஆவாது. ஊருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்றாள். “வைகாசிலயே பொறந்ததா இருக்கட்டும். அதுக்குள்ள ஜடை போட்டோ ஒண்ணு எடுத்து மாட்டிடுவோம். வளைகாப்ப வூட்டோட முடிச்சிட்டோம்னு சொல்லிக்கலாம். போட்டோல வயிறு கீது, கீழ தேதி கீது, அப்பால எவ வந்து கேப்பா?” உன் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா சொல்றதும் சரிதான்” என்றார். நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு நாளைக்குப் பெண் கிடைக்காது என்றார்களே, அதில் பயந்துவிட்டேன். ஒன்றே முக்கால் கிலோ குழந்தைக்குப் பெண் கிடைக்குமா என்று பயந்த மடச்சி நான்.

பிள்ளை பெற்றவள் பதினாறு நாள் சமையற்கட்டு வாசலைத் தாண்டக் கூடாது, சாமி படத்தைப் பார்க்கக் கூடாது, தீட்டு என்பாள் பெரிய அத்தை. அவளேதான் பதினைந்தாம் நாள் எனக்குத் தலை பின்னி, வாழைமட்டையில் பூவை அடுக்கித் தைத்துக் கட்டினாள். தனக்கு வேண்டுமென்றால் தீட்டு என்ன, எதுவும் வழிவிடும். ஒரு டர்க்கி டவலை நாலாக மடித்து, அதன் மேல் உன் அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றி, பாவாடை நாடாவுக்குள் செருகி வயிறு வைத்தாள். ஆபரேஷன் தையல் போட்ட இடத்தில் அது உரசிக்கொண்டே இருந்தது. மேலே என் கல்யாணப் பட்டுப்புடவை. அன்றைக்கு நல்ல நேரம் மூன்றரையிலிருந்து நாலரை என்று பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்திருந்தாள்.

நாலு மணிக்குத்தான் ஆஸ்பத்திரியில் அம்மாக்களை உள்ளே விடுவார்கள். நாலிலிருந்து ஐந்து, அவ்வளவுதான். தினமும் மின்சார ரயிலில் போய், உன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாலைப் பீய்ச்சி ஒரு சின்ன டம்ளரில் கொடுப்பேன், நர்ஸம்மா அதைச் சொட்டுச் சொட்டாக உன் வாயில் விடுவார். உனக்கு நான் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். “போட்டோ நாளைக்கு எடுக்கலாம் அக்கா, இல்ல காலைல எடுக்கலாம், பால் குடுக்கப் போகணுமே” என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாளைக்குக் கரிநாள். காலைல நேரம் நல்லா இல்ல. ஒரு நாள் பால் இல்லைன்னா புள்ள இன்னா கரைஞ்சா பூடும்?” என்றாள். உன் அப்பாவைப் பார்த்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்டுடியோக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே இரண்டு பெரிய விளக்கு, கத்திரி வெயில் போதாதென்று. கண்ணாடியைப் பின்னால் நிறுத்தி, ஜடை சரியாகத் தெரிகிறதா என்று பெரிய அத்தை என்னைத் திருப்பித் திருப்பி நிறுத்தினாள். தலை கனத்தது, காலில் பலம் இல்லை. “இன்னாம்மா, பொண்ணு ரொம்ப நேரமா நின்னுகினு கீது, ஒரு ஸ்டூல் போடட்டா?” என்றார் பாய். “வாணாம், ஒக்காந்தா ஜடை மடங்கிடும்” என்றாள் இவள். சுவர்க் கடிகாரம் நாலு காட்டியது. இந்நேரம் கதவைத் திறந்திருப்பார்கள், உன் பெட்டிப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்த அந்த நிமிஷம் மார்பில் பால் கட்டி இறங்கிவிட்டது. ரவிக்கை நனைந்து, பட்டில் ஈரம் வட்டமாகப் பரவியது. பின்னால் நின்று பூவைச் சரிசெய்துகொண்டிருந்த பெரிய அத்தைக்குத் தெரியவில்லை. காமிராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்த பாய் பார்த்துவிட்டார். பிள்ளைகுட்டிக்காரர், ஒரு பார்வையில் எல்லாம் புரிந்திருக்கும். கிட்டே வந்து விளக்கைத் திருப்புகிற மாதிரி நின்று, மெதுவாக, “தங்கச்சி, முந்தானைய இப்படி இழுத்து கைய அதும்மேல வெச்சிக்க. அப்படியே இரு. ஒண்ணும் தெரியாது” என்றார்.

அதுதான் அந்தக் கை. வெட்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்றைக்கு உனக்குப் போக வேண்டிய பால் என் முந்தானைக்குப் போனது, அதைத்தான் பொத்திக்கொண்டு நிற்கிறேன். அந்தப் போட்டோவில் நீ இல்லை, இருப்பது ஒரு துண்டும் உன் அப்பாவின் வேட்டியும்தான். இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. பாய் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் சிரித்தேன். போட்டோ என்றதும் என்னையறியாமல் வந்துவிட்டது. அத்தனை நாள் ஆசைப்பட்டதில்லையா. நீ அங்கே வெறும் வயிற்றோடு கிடக்கும்போது உன் அம்மா இங்கே போட்டோவுக்குச் சிரித்தாள். பெரிய அத்தையை முப்பது வருஷமாகத் திட்டி முடித்துவிட்டேன், அந்தச் சிரிப்பை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

மறுநாள் போனபோது நர்ஸம்மா, “நேத்து ஏம்மா வரல? புள்ள நாலு மணிக்குச் சரியா வாயத் தொறந்து தேடிச்சு” என்றார். நான் காய்ச்சல் என்று சொன்னேன். வைகாசி இருபதாம் தேதி உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்றைக்குத்தான் பிறந்ததாகத் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தார்கள். ஒரு மாசக் குழந்தை என்று ஒருவரும் சந்தேகப்படவில்லை, அவ்வளவு சின்ன உடம்பு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அப்பா வாயால் சொன்ன தேதியே தேதி, அந்தக் காலத்தில் யாரும் ஆஸ்பத்திரிச் சர்டிபிகேட் கேட்கவில்லை.

உனக்கு ஒரு அடி நினைவிருக்கிறதா? நீ மூன்றாம் வகுப்பில் இருந்தாய். பள்ளிக்கூடம் விட்டு இரண்டு சிநேகிதர்களை வீட்டுக்குக் கூட்டிவந்தாய். ஸ்டூல் மேல் ஏறி நின்று, போட்டோவில் என் வயிற்றின் மேல் விரலை வைத்து, “இதுக்குள்ள நான் இருக்கேன் தெரியுமா” என்று பெருமையாகச் சொன்னாய். நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து உன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். சிநேகிதர்கள் பயந்து ஓடினார்கள். ஸ்டூலில் ஏறினதற்காக அடித்தேன் என்று நினைத்து, அதற்குப் பிறகு நீ ஸ்டூலில் ஏறியதே இல்லை. உன் மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்க வேண்டிய மன்னிப்பை இத்தனை வருஷம் கழித்துக் கேட்கிறேன்.

தொண்ணூற்றாறில் உன் அப்பா போனார். உனக்குப் பதினாலு வயசு. சர்க்கரை அவரைத் தின்றது. காலில் புண் ஆறவில்லை, டாக்டர் சொன்ன மாத்திரையை ஒருநாள் போட்டால் நாலு நாள் போடமாட்டார், டீயில் மூன்று ஸ்பூன் சர்க்கரை கேட்பார். அதில் மர்மம் ஒன்றும் இல்லை. நீ கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது பெரிய அத்தை என் காதுக்குக் குனிந்து, “தேதிய மாத்தினோம், தலையெழுத்த மாத்த முடிஞ்சிதா? சித்திரை புள்ள அப்பன முழுங்கிட்டுதான் நிக்குது” என்றாள். அழுகிற கூட்டத்துக்கு நடுவில், உன்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து போன மார்கழியில் அவள் கண்ணை மூடும்வரை அந்த ஒரு விஷயத்தை வைத்து என்னை ஆட்டிவைத்தாள். முடிச்சூரில் மனை வாங்கியபோது, உன்னை இன்ஜினியரிங் சேர்த்தபோது, நான் கொஞ்சம் எதிர்த்துப் பேசினால் போதும், “அவங்கிட்ட சொல்லட்டுமா?” என்பாள். நான் அடங்கிவிடுவேன். அப்பாவைக் கொன்றவன் என்று நீ உன்னை நினைத்துக்கொள்வாயோ என்று பயம். அவள் செத்த அன்று நான் அழவில்லை என்று நீ கேட்டாயே, இதுதான் காரணம். நன்றாகக் கேட்டுக்கொள், உன் அப்பா உன்னால் சாகவில்லை. எந்த மாசத்தில் பிறந்த பிள்ளையும் எந்த அப்பனையும் கொல்வதில்லை.

நீயும் இப்போது காலண்டரில் சந்திராஷ்டமம் பார்க்கிறாய். சுவாதி என்று தேடித் தேடிப் பார்க்கிறாய். உன் நட்சத்திரம் சுவாதியே இல்லை, அஸ்தம். எவனோ பிறக்காத ஒருவனுக்குக் கணித்த ஜாதகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் உனக்குப் பெண் பார்த்தோம். ஒரு நல்ல பெண்ணை ரஜ்ஜுப் பொருத்தம் தட்டுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள், நான் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். திவ்யாவோடு பத்துக்கு ஒன்பது பொருத்தம் வந்தது என்று ஜோசியர் துள்ளினார். சிரிப்பு வந்தது எனக்கு. அவள் உனக்குக் கிடைத்தது கட்டத்தால் அல்ல, உன் அதிர்ஷ்டத்தால். அந்த அதிர்ஷ்டத்தை முப்பத்தாறாவது வாரத்தில், பிரஷரோடு, விழுப்புரத்திலிருந்து மூன்று மணி நேரம் காரில் உட்கார வைத்து, கடற்கரை மணலில் நடத்திக் கூட்டிப்போய் நிறுத்தப் போகிறாயாம். அதுவும் பாலைப் பொத்திக்கொண்டு நின்றவளின் கையை அவள் மார்பில் வைத்து.

அதனால் இன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். நீ காலையிலேயே ரிலீசுக்குக் கிளம்பிப் போனாய். மத்தியானம் திவ்யா கீழே வந்து என் பக்கத்தில் படுத்திருந்தாள். “உனக்கு எப்போ எடுக்கணும்னு இருக்கு?” என்று கேட்டேன். “இப்போ அத்தை” என்றாள், யோசிக்கவே இல்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பக்கத்தில்தானே, போய் உட்கார்ந்து எடுத்துக்கொண்டு சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றார். ஆட்டோவைக் கூப்பிட்டு, மெதுவாக ஓட்டச் சொல்லி, தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம். அங்கே போய்ச் சேரும்போது மணி நாலரை. ஞாயிற்றுக்கிழமை நாலரை என்றால் முழு ராகு காலம், உனக்குச் சந்திராஷ்டமம், என்னிடம் பூகூட இரண்டு முழம்தான். அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நீ படம் அனுப்பிவைத்த போட்டோகிராபர் இல்லை, இவர் வேறு ஆள். “கையை எங்க வெச்சுக்கட்டும் அத்தை?” என்று என்னைக் கேட்டாள். உனக்கு எங்கே வசதியோ அங்கே என்றேன். ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள், இன்னொரு கையை நீட்டி என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை உதைத்தது போலிருக்கிறது, அவள் சட்டென்று சிரித்தாள், அப்போதுதான் எடுத்தார்கள். ஐந்தே முக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டோம். அவள் படுத்திருக்கிறாள், கால் வீங்கவில்லை, பார்த்துவிட்டேன்.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கோபம் இருந்தால் பதினாறு படி இறங்கி என்னிடம் வா. அவளுக்கு இந்தக் கதை தெரியாது, சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். பிள்ளை எப்போது பிறக்கிறதோ அப்போது பிறக்கட்டும். எந்த மாசமாக இருந்தாலும் அதே தேதியை எழுது. பிறக்கும்போது பக்கத்தில் இரு. ரிலீசைத் தள்ளிப் போடு, உங்கள் கம்பெனி ஒன்றும் கரைந்துபோகாது.

என் பழைய போட்டோவைப் பிரேமிலிருந்து எடுத்து உன் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கிழிப்பதானாலும் வைத்துக்கொள்வதானாலும் உன் பாடு. பின்பக்கம் திருப்பிப் பார், நீ பிறந்த தேதியை என் கையால் எழுதியிருக்கிறேன். பிரேமைத் துடைத்து வைத்திருக்கிறேன், திவ்யா படத்துக்குச் சரியாக இருக்கும்.

ஒவ்வொரு வருஷமும் கத்திரி வெயிலில் ஒரு நாள் நான் சேமியா பாயசம் வைப்பேன். சின்ன வயசிலிருந்து நீயும் “என்னமா விசேஷம்?” என்று கேட்பாய். சும்மாதான், பால் மிச்சம் இருந்தது என்பேன். நீ நக்கி நக்கிக் குடித்துவிட்டு விளையாடப் போவாய். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே உனக்கு எத்தனை வயசு முடிந்தது என்று எண்ணிக்கொள்வேன்.

இன்றைக்குச் சித்திரை இருபத்திரண்டு. மாடியில் ஃப்ரிட்ஜில் மேல்தட்டில் ஒரு கிண்ணம் மூடி வைத்திருக்கிறேன். எடுத்துக் குடி. இந்தத் தடவை பால் மிச்சம் இல்லை, உனக்காகவே அரை லிட்டர் வாங்கினேன்.

அம்மா